பேச்சியம்மாக்காவின் வேகத்தடையும் என் ஆறு நிமிடப் படங்களும்

கல்யாண வீடியோக்காரனுக்குச் சமூக அக்கறை வருவது வருஷத்தில் மூன்று தடவை: ஆடி, மார்கழி, அப்புறம் கிறிஸ்தவர்களின் தவக்காலம். அந்த நாட்களில் தூத்துக்குடியில் எவனும் தாலி கட்டமாட்டான். கேமரா பீரோவில் சும்மா கிடக்கும். நம்ம ஊர் உப்புக்காற்றில் சும்மா கிடக்கிற கேமரா சீக்கிரமே கெட்டுப்போகும். அப்படி ஓர் ஆடியில்தான், யாரும் கண்டுகொள்ளாத மனிதர்களைப் பற்றி ஆறாறு நிமிடத்துக்குப் படம் எடுத்து இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தேன். கேமராவும் பிழைத்தது, எனக்கும் 'டாக்குமெண்டரி டைரக்டர்' என்று விசிட்டிங் கார்டு அடிக்க ஒரு சாக்கு கிடைத்தது.

நீங்களும் கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் அசடு வழிய நின்றவர் என்றால், இதில் பாதி உங்களுக்குப் புதுசில்லை. தலையாட்டிக்கொண்டே படிக்கலாம். பேச்சியம்மாக்கா விஷயம் மட்டும் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால், அதைச் சொல்லத் தயங்கித்தான் மற்றதை முதலில் சொல்கிறேன்.

பட்டுச்சேலை

முதல் படம் உப்பளத்தில் வேலை பார்க்கும் மரியசெல்வியைப் பற்றி. வெடித்த பாதம், உப்பு அரித்த விரல், வெயிலில் கூசும் கண் என்று மனசுக்குள் ஏற்கெனவே பாதிப் படத்தை எடுத்து முடித்திருந்தேன். "நாளைக்குக் காலையில வாரேன்" என்று போனில் சொல்லிவைத்தது நான் செய்த தப்பு. போய்ப் பார்த்தால், அந்த அம்மாள் மாம்பழக் கலர் பட்டுச்சேலையில், தலை நிறைய மல்லிகையும் நாத்தனாரிடம் இரவல் வாங்கிய நெக்லஸுமாக, பாத்தி நடுவில் உப்பு வாருகிற பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கூட வேலை செய்யும் பெண்கள் சுற்றி நின்று பவுடர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறார்கள்.

"தினமும் வேலைக்குக் கட்டுற சேலையக் கட்டிட்டு வாங்கம்மா, அப்பத்தான் இயல்பா இருக்கும்" என்று கெஞ்சினேன். மரியசெல்வி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, ஒங்க கல்யாண வீடியோவுக்கு நீங்க கைலி கட்டிக்கிட்டா நின்னிய?"

முத்து

பட்டுச்சேலைப் படத்தை என் மனைவி வீட்டார் பார்த்தார்கள். எடிட்டர் செல்வினின் அம்மா பார்த்தார். குவைத்திலிருந்து யாரோ ஒருவர் சேலை எந்தக் கடை என்று கேட்டு எழுதியிருந்தார். அவ்வளவுதான். சரி, அடுத்த படத்தில் ஊரையே ஒரு கலக்குக் கலக்கிவிடலாம் என்று திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் லூர்து அண்ணனிடம் போனேன். படகில் உட்கார்ந்து, முத்தைப் பற்றி வரிசையாகப் பத்துக் கேள்வி கேட்டேன். நான் எந்தப் பக்கம் கேமராவை வைத்தாலும் மனிதர் இடது பக்க முகத்தையே எனக்குக் காட்டி உட்கார்ந்தார். வலது பக்க முகம்தான் வெளிச்சத்தில் இருந்தது. 'இந்தப் பக்கம் திரும்புங்கண்ணே' என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து மைக்கைக் கழற்றும்போதுதான் தெரிந்தது, ஆழத்தில் முங்கி முங்கி அவருக்கு வலது காது கேட்காது. அவர் கோபப்படவில்லை. வலையை உதறுகிறவரைப் போல நிதானமாகச் சொன்னார்: "முத்து முத்துன்னு ஒங்களோட சேத்து ஏழு பேரு வந்து கேட்டுட்டாவ. காது என்னாச்சின்னு ஒருத்தரும் கேக்கல."

மூன்றாவது வேகத்தடை

துறைமுகத்திலிருந்து வெளியே வரும் சாலையில் மூன்று வேகத்தடைகள் உண்டு. கப்பலில் வந்த மக்காச்சோளத்தை ஏற்றிக்கொண்டு லாரிகள் வரிசையாக வரும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது லாரி குலுங்கும், மேலே குவிந்திருக்கும் சோளத்தில் ரெண்டு கைப்பிடி சிந்தும். லாரி போனதும் ஓரத்தில் காத்திருக்கும் ஒரு பெண் ஓடிவந்து வாரியலால் கூட்டி அள்ளுவார். சொளகில் புடைத்து, கல்லும் மண்ணும் நீக்கி, கோழி வளர்ப்பவர்களுக்கு விற்பார். நான் அந்தச் சாலையில் நூறு தடவையாவது போயிருப்பேன். அந்தப் பெண்களை, ரோடு பெருக்குகிற மாநகராட்சி ஆட்கள் என்றே நினைத்திருந்தேன்.

மூன்றாவது வேகத்தடை பேச்சியம்மாக்காவுடையது. ஆமாம், உடையதுதான். ஒரு தடைக்கு ஒரு ஆள், ஒருவர் தடையில் இன்னொருவர் வாரியல் வைக்கக் கூடாது. இரண்டாவது தடை செல்லக்கனி என்பவருக்கு. அவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட அங்கே சிந்துகிற சோளத்தைப் பேச்சியம்மாக்கா கூட்டி, தனிப்பையில் கட்டி அவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பாராம். "ரோடு அரசாங்கத்தோடதாச்சே, தடை எப்படிக்கா ஒங்களுக்குச் சொந்தம்?" என்று சட்டம் பேசினேன். அக்கா சிரித்தார். "முன்னால இங்கன தடையே கெடையாது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைய லாரி தட்டிட்டு. தடை போடுன்னு எல்லாரும் மறியல் பண்ணும்போது ரோட்டுல மொத ஆளா உக்காந்தது நாந்தான் தம்பி. பொறவு தடை யாருக்கு?"

பின்ன எதுக்கு

அக்காவின் வீடு அந்தத் தடையிலிருந்து கூப்பிடு தூரம். அதுதான் விஷயமே. அவர் கணவர் பரமசிவம், மூட்டை தூக்கும் தொழிலாளி. அடுக்கிய மூட்டை மேலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்ப் படுத்தவர்தான், எழவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். வேறு வேலைக்குப் போனால் நடுவில் ஓடிவர முடியாது. அக்கம்பக்கத்து ஆட்களெல்லாம் விடிந்தால் உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். லாரி வராத நேரத்தில் வீட்டுக்கு ஓடி, புரட்டிப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவர, உலகத்தில் அக்காவுக்கு இந்த ஒரு வேலைதான் தோதாக இருந்தது.

அதனால் படம் எடுக்கச் சம்மதிக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "என் மொகத்த எம்புட்டு வேணும்னாலும் காட்டுங்க. வீட்டக் காட்டுங்க. லாரியிலருந்து சோளம் சிந்துதத மட்டும் காட்டாதிய. மொதலாளிமாரு பாத்தா மூடிக் கட்டிருவாவ." நான் பெரிய மனுஷன் தோரணையில் ஆறுதல் சொன்னேன்: "கவலையே படாதீங்கக்கா, நம்ம படத்த யாரும் பாக்க மாட்டாவ." அக்கா வாரியலைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "பின்ன எதுக்கு எடுக்கிய?"

புல்லாங்குழல்

எடிட்டிங்கில் இரண்டு தகராறு. முதலாவது, அக்கா எல்லா ஷாட்டிலும் சிரிக்கிறார். லாரிக்காரனைத் திட்டும்போது சிரிக்கிறார், கணவரைப் புரட்டும்போது அவரோடு வம்பு பேசிச் சிரிக்கிறார். இப்படிப்பட்ட படத்துக்கென்றே செல்வின் ஒரு சோகப் புல்லாங்குழல் வைத்திருந்தான், அதைச் சேர்க்க இடமே இல்லை.

இரண்டாவது தகராறு எனக்கும் என் மனசாட்சிக்கும். சோளம் சிந்துவதை நான் எடுத்திருந்தேன். சும்மா, கைப்பழக்கத்தில். காலை வெயிலில், ஸ்லோமோஷனில், ஒவ்வொரு மணியாகப் பொன்னிறமாக விழுகிறது. இருபது வருஷமாகப் பொண்ணு மாப்பிள்ளை தலையில் அட்சதை விழுவதை ஸ்லோமோஷனில் எடுத்தவனுக்கு, அதை வெட்டி எறியக் கை வரவில்லை. எவன் பார்க்கப் போகிறான் என்று வைத்துவிட்டேன். செல்வின் அதைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, படத்துக்கு 'லாரிச் சக்கரத்தின் அடியில் ஒரு தாய்' என்று தலைப்புப் போட்டான். அக்கா எந்தச் சக்கரத்துக்கும் அடியில் போனதில்லை என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவன் கவலையெல்லாம் வேறு: "அண்ணே, இந்த அக்கா சிரிச்சுக்கிட்டே இருக்காவ. நான் புல்லாங்குழல எங்கன போடுறது?"

பொன்னாடை

படத்தை உலகமே பார்த்தது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. பட்டுச்சேலையைப் பார்க்காத உலகம், முத்தைப் பார்க்காத உலகம், சோளத்தைப் பார்த்தது. யார் யாரோ போன் செய்து அழுதார்கள். நானும் கொஞ்ச நாள் தரையில் கால் பாவாமல்தான் அலைந்தேன். புரட்டாசியில் ஊர்ப் பெரிய மனிதர்களின் சங்கம் ஒன்று ஏசி மண்டபத்தில் விழா எடுத்தது. எனக்குப் பொன்னாடை. பேச்சியம்மாக்காவுக்கு, சாலையில் பாதுகாப்பாக வேலை செய்ய, வெளிச்சம் பட்டால் மின்னும் பச்சை ஜாக்கெட்டும் நீளக் காம்பு வைத்த புது வாரியலும்.

பிறகு விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறார். சோளம் சிந்தும் காட்சி வந்ததும் மண்டபமே கை தட்டியது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் பொன்னாடையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். விளக்குப் போட்டபோது அவர் நாற்காலியில் இல்லை. புரட்டுகிற நேரம் ஆகியிருக்கும். அன்றைய சிறப்பு விருந்தினர், சோளம் இறக்குமதி செய்து ஏழெட்டு லாரியும் வைத்திருக்கும் முதலாளி. என் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "அந்தச் சோளம் விழுற காட்சி அபாரம் தம்பி. தையில எம் பொண்ணுக்குக் கல்யாணம். அட்சதை அதே மாதிரி விழணும்."

தார்ப்பாய்

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தன் சரக்கு ரோட்டில் கொட்டுவதை எந்த மனிதன் பார்த்துக்கொண்டிருப்பான்? அதோடு சக்கரத்தின் அடியில் ஒரு தாய் வேறு. ஐப்பசியில் அவருடைய லாரிகளெல்லாம் தார்ப்பாய் போட்டு, இறுக்கக் கயிறு கட்டி வந்தன. அவரைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இனி மூடாத லாரி துறைமுகத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பத்திரிகையில், ஒரு குறும்படம் ஏற்படுத்திய மாற்றம் என்று என் போட்டோவோடு போட்டார்கள். அதை நான் வெட்டி ஸ்டுடியோவில் ஒட்டினேன். அக்காவின் ஞாபகம் வரவே ஒரு வாரம் ஆனது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

போனபோது மூன்றாவது வேகத்தடை வீட்டு முற்றம் மாதிரி சுத்தமாக இருந்தது. அக்கா ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். புது வாரியலின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒரு லாரி வந்தது, ஏறியது, இறங்கியது. ஒரு மணிகூட விழவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அக்கா அந்த லாரி போகிற திசையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "யாரும் பாக்க மாட்டாவன்னு சொன்னியளே தம்பி."

பன்னிரண்டும் இரண்டும்

மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்கே போய், படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன். "எடுத்தா தார்ப்பாயும் அவுந்துருமா?" என்று கேட்டார். "நான் என்ன செய்யணும், சொல்லுங்கக்கா. எது சொன்னாலும் செய்யுதேன்" என்றேன். நம்மைப்போன்றவர்கள் வழக்கமாகச் சொல்கிற வசனம்தான். கேட்பவர்களும் வழக்கமாக 'பரவால்ல தம்பி' என்று விட்டுவிடுவார்கள். அக்கா விடவில்லை. டவுனில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவ ஆள் கேட்கிறார்களாம். "பத்து மணிக்கு அவுகளப் பெரட்டிப் போட்டுட்டு பஸ் ஏறிருவேன். நாலு மணிக்குத் திரும்பிருவேன். நடுவுல பன்னெண்டுக்கு ஒருக்க, ரெண்டுக்கு ஒருக்க நீங்க வந்து பெரட்டிப் போடுங்க. கேமரா வேண்டாம்."

அன்றிலிருந்து போகிறேன். முதல் வாரம் பரமசிவம் அண்ணனைத் தூக்கத் தெரியாமல் நானே அவர் மேல் விழப் பார்த்தேன். ஒரு கை தோளுக்குக் கீழே, ஒரு கை இடுப்புக்குக் கீழே, இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த மனிதரின் முதுகை என் படத்தில் நான் காட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றுவரை அதில் ஒரு புண்ணும் வரவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மார்கழி முடியப் போகிறது, தையில் வரிசையாக முகூர்த்தம், முதல் கல்யாணமே அந்தச் சோள முதலாளி வீட்டில். "கல்யாண நாள்ல மட்டும் எப்படிக்கா வர்றது?" என்று நேற்றுத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அக்கா விழாவில் கொடுத்த அந்தப் பச்சை ஜாக்கெட்டை மடித்துப் பரமசிவம் அண்ணனின் முழங்கால்களுக்கு இடையில் அண்டை கொடுத்துக்கொண்டே சொன்னார்: "முகூர்த்தம் காலையிலயே முடிஞ்சிரும்லா தம்பி. பந்திய எவன் எடுத்தா என்ன? பன்னெண்டுக்கு வந்துருங்க."

யாரும் கண்டுகொள்ளாதவர்களைப் படம் எடுக்கப் போன எனக்கு, யாரும் பார்க்காத வேலை ஒன்று பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நிரந்தரமாகக் கிடைத்திருக்கிறது.