சுந்தரிச் செடிக்குக் கல்லுப்பு

ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை 8.40. கொல்கத்தாவில் கரியாஹாட் வீட்டிலிருந்து நடந்து பாலிகஞ்ச் ஸ்டேஷன் வந்தோம். என் கையில் ஒரு வாளி. அதற்குள் தொட்டியோடு, இரண்டு வருஷமாக நான் பால்கனியில் வளர்க்கும் சுந்தரிச் செடி. பக்கத்து வீட்டு பௌதி (அண்ணியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) சுந்தரவனம் போனபோது, அங்கே அலையாத்திக் காட்டில் கரை ஒதுங்கிய விதையை எடுத்து வந்து தந்தாள். பிள்ளைகள் வெளியூர் போனபின், விடிந்ததும் நான் பார்க்கிற முகம் அந்தச் செடிதான். ஒரு மாதமாக நுனியிலிருந்து காய்கிறது. கானிங் பக்கம் பெண்கள் நடத்தும் நாற்றங்காலில் காட்டலாம் என்று பௌதி கூட்டிப்போனாள்.

டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். காலிக் கூடையோடு ஊர் திரும்பும் மீன்காரி ஒருத்தி, “செடிக்கு டிக்கெட் எடுத்தியா மாஷிமா?” என்றாள்.

“மடிக்குழந்தைக்கு ஏது டிக்கெட்?” என்றாள் பௌதி. வங்காள மொழியில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்; மாஷிமா என்றால் சித்தி, தீதி என்றால் அக்கா.

பத்து மணிக்குக் கானிங். ஆட்டோவில் மாத்லா ஆற்றங்கரை. நாற்றங்காலில் மாலதி என்ற பெண், தொட்டி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினாள்.

“மாஷிமா, உப்புப் போட்டீங்களா?”

கடலோரத்து மரமாயிற்றே என்று, நம்மூர்க்காரர் கடையில் வாங்கிய கல்லுப்பைக் கரைத்து ஊற்றி வந்தேன். வாட ஆரம்பித்ததும் போதவில்லையோ என்று இன்னும் ஒரு கை கூட்டினேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“தீதி! செடி வளத்தீங்களா, ரசம் வெச்சீங்களா?” என்றாள் பௌதி.

மாலதி சிரிக்கவில்லை. “இதுக்கு ஆத்து நல்ல தண்ணியும் வேணும் மாஷிமா. அது வர்றது குறைஞ்சு, உப்பு ஏறி, காட்டுலயும் இப்படித்தான் உச்சியிலேருந்து காயுது. படகு கட்ட வெட்டினது வேற. அழியற ஆபத்துல இருக்கிற மரங்கள்னு உலகத்துக்கே ஒரு பட்டியல் இருக்கு, அதுல இதுவும் இருக்கு.”

பிழைக்குமா என்று கேட்க எனக்குக் கூச்சம். பௌதிதான் கேட்டாள். மாலதி தண்டை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை.

“விட்டுட்டுப் போங்க. தேறினா கரையில நட்டுடறோம். தொட்டியில இதுக்கு மூச்சுமுட்டும்.”

செடியை அவளே தூக்கிக்கொள்ளட்டும் என்று வாளியிலிருந்து கையை எடுத்தேன்.

1.15 வண்டியில் என் மடியிலும் காலி வாளிதான், காலையில் பார்த்த மீன்காரியின் கூடை மாதிரி. மறுநாள் காலை செம்பில் தண்ணீரோடு பால்கனிக்குப் போய்விட்டுத் திரும்பினேன்.

டிக்கெட் விலை, வண்டி நேரம், பட்டியல் எல்லாம் சரிதானா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். உப்பு விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டாம். அது என் கையால் நடந்தது.