பிந்தி விழுந்த அடி

பாறசாலையிலிருந்து கோட்டுகால் வரைக்கும் யாரிடம் கேட்டாலும் நேசையனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். துபாயில் வெள்ளைக்காரர்களையே ஆட்டிவைத்த டி.ஜே. என்பார் ஒருவர். ரிக்கார்டு டான்ஸ் நடத்திக் கெட்டுப்போனவன் என்பார் இன்னொருவர். ரெண்டு பேருக்கும் வாய் வலிக்காது. உள்ளது என்னவென்று கேட்கத்தான் ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது.

நேசையனின் அம்மா ரோசம்மா காயலோரத்தில் கதம்பை அடிக்கிறவள். தேங்காய் மட்டையை மாசக்கணக்கில் சேற்றில் ஊறப்போட்டு எடுத்து, அந்த நாற்றத்தோடு தடியால் அடித்துத் தும்பாக்கணும். ஒரு கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து மாறி மாறி அடிப்பார்கள். ரோசம்மாவுக்கு எதிரே எப்போதும் பங்கஜாட்சிதான். ஒருத்தி சர்ச்சுக்குப் போவாள், ஒருத்தி அம்மன் கோவிலுக்குப் போவாள். ரெண்டு பேர் குடிசையும் சிவதாணு பிள்ளையின் தெங்கந்தோப்பில் அடுத்தடுத்து இருந்தன.

அடுத்தவர் மண்ணில் குடிசை போட்டிருக்கிற குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட் மண் சொந்தம் என்று சட்டம் வந்தபோது பிள்ளைக்கு ஒரு புத்தி தோன்றிற்று. குடிசை நின்றால்தானே குடிகிடப்பு? ஒருநாள் காலையில் கடப்பாரையோடு ஆட்களை அனுப்பிவிட்டார். முதலில் அவர்கள் கைவைத்தது ரோசம்மாவின் குடிசையில். அவள் சந்தைக்குப் போயிருந்தாள். பங்கஜாட்சி ஓடிவந்து நடுத்தூணைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டாள். உத்திரம் சரிந்து அவள் வலது தோளில் விழுந்தது. அலறல் கேட்டு ஊர் கூடியது, கடப்பாரையோடு வந்தவர்கள் போய்விட்டார்கள், பின்னாளில் ரெண்டு பேருக்கும் மண்ணும் கிடைத்தது. ஆனால் பங்கஜாட்சியின் கை அதற்கப்புறம் காதுக்கு மேலே எழும்பவில்லை. அவள் அடி ஒரு துளி பிந்தித்தான் விழும். ரோசம்மா அந்தத் துளி நேரம் தடியை ஓங்கியபடியே காத்திருப்பாள். வேறு ஆள் சேர்த்துக்கொண்டால் கூடுதல் தும்பு எடுக்கலாமே என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அவள் காதிலேயே வாங்கவில்லை.

இந்தச் சத்தத்தில்தான் நேசையன் வளர்ந்தான். வளர்ந்ததும் பாறசாலையில் கனகதாஸின் மைக்செட்டில் சேர்ந்தான். கல்யாணமோ கோவில் கொடையோ சர்ச் பெருநாளோ, தென்னையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ரிக்கார்டு போடுவது அவன் வேலை. இருந்தது ஒரே ஒரு பிளேயர். ஒரு பாட்டு முடிந்து அடுத்த தட்டைப் போடுவதற்குள் பந்தல் செத்துப்போனதுபோல் ஆகிவிடும். அந்த இடைவெளி அவனுக்குப் பிடிக்காது. மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ சொல்லிச் சமாளிக்கிறதை ஒரு கேவலமாகவே நினைத்தான்.

பிறகு எல்லாரும் போன வழியில் அவனும் போனான். பம்பாய், அங்கிருந்து துபாய். ஒரு பெரிய ஓட்டலில் வயரிங் வேலை. அந்த ஓட்டலின் அடித்தளத்தில் ஒரு டிஸ்கோ இருந்தது. பல்பு மாட்ட ஏணியோடு இறங்கினவன் ஏணியிலேயே நின்றுவிட்டான். அங்கே ரெண்டு பிளேயர். ஒன்றில் பாட்டு தேயும்போதே மற்றதில் அடுத்தது ஏறுகிறது. இடைவெளியே இல்லை. அதைச் செய்துகொண்டிருந்தவன் ரெனாத்தோ என்ற இத்தாலிக்காரன். கடலோரத்து ஊர்க்காரன், மீன்காரன் மகன். பதினாறு வயதில் நடன மண்டபங்களில் ரிக்கார்டு போடத் தொடங்கி, ஒப்பந்தத்தில் துபாய்க்கு வந்தவன். சொந்தமாக ஒரு பாட்டாவது தட்டில் வரணும் என்பது அவன் வெறி. வேலை முடிந்ததும் நேசையன் போய் அவன் பக்கத்தில் நிற்பான். முதலில் தட்டு எடுத்துக்கொடுத்தான், பிறகு ஒரு காதில் ஹெட்போனை வைத்துக் கேட்கப் பழகினான், வருஷம் திரும்புவதற்குள் ரெனாத்தோ ஓய்வெடுக்கும் நேரத்துக்கு அவனே போட்டான். நேசையன் அவனை அண்ணன் முறை வைத்து ரெனாத்தோ சேட்டா என்றுதான் கூப்பிட்டான். அது தன் பேரின் பாதி என்றே அந்த மனிதன் கடைசிவரை நினைத்திருந்தான்.

அந்தக் காலத்தில் எழுதத் தெரியாதவர்கள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். நேசையன் லீவுக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒரு டேப்ரிக்கார்டரும் காலிக் கேசட்டும் கொடுத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பேச வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனான். ரோசம்மா அதைக் களத்துக்குக் கொண்டுபோய், கல்லுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினாள். "மக்கா, நான் அம்மையாக்கும்," என்றாள். அதற்குமேல் வெட்கம். நீ பேசு பிள்ளே, நீ பேசு அக்கா என்று ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் வேலையைப் பார்த்தார்கள். அணைக்கணும் என்ற நினைப்பே ரெண்டு பேருக்கும் இல்லை. துபாய்க்கு வந்து சேர்ந்த கேசட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கதம்பை அடிக்கிற சத்தம்தான் இருந்தது.

நேசையன் அதைப் போட்டுக் கேட்டு அழுதான். ஆம்பிளை அழுதான் என்று சொல்ல என்ன கூச்சம்? அழுதான். ரெனாத்தோ வந்து நின்று கேட்டான்.

"இது என்ன டிரம்?"

"டிரம் இல்ல சேட்டா, எனக்க அம்மை."

அந்த அடியின் மேல்தான் ரெனாத்தோ தன் பாட்டைக் கட்டினான். முதலில் பிளேடால் டேப்பை வெட்டி, பிந்தின அடியை எல்லாம் முன்னால் இழுத்து ஒட்டிச் சீராக்கினான். நேசையன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். அது பிழையில்லை, ஒருத்தியின் கை என்றான். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தூணையும் உத்திரத்தையும் கையால் காட்டிச் சொன்னான். ரெனாத்தோ ஒட்டினதைப் பிரித்தான். மறுநாள் டிஸ்கோவில் போட்டபோது ஆடுகிறவர்கள் அந்த இடத்தில் அரைக் கால் தடுமாறி, சிரித்து, மறுபடி சேர்ந்துகொண்டார்கள். ரெனாத்தோ ஊர் திரும்பியதும் மிலான் நகரத்தில் அது தட்டாக வந்து நன்றாக ஓடிற்று. லேபிளில் அவன் பேர் மட்டும்தான். நேசையனுக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் டிஸ்கோவில் அவன் இடம் நேசையனுக்குக் கிடைத்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் விஜயதாஸ் ஊருக்கு வந்தான். நேசையனோடு துபாயில் இருந்தவன், பக்கத்துத் தெருக்காரன். சர்ச் முற்றத்தில் ரோசம்மா மகனைப் பற்றி விசாரித்தாள். "அவனுக்கு ஓட்டல்ல ரிக்கார்டு போடுற வேலை. எல்லாரும் ஆடுவாவ," என்றான். மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, பாவம். ஆனால் நம்ம ஊரில் ரிக்கார்டும் ஆட்டமும் ஒரே வாக்கியத்தில் வந்தால் ஒரே ஒரு அர்த்தம்தான். கொடை விழாவில் சாமி மலையேறின பிறகு, அரைகுறைத் துணியில் பெண்களை மேடையேற்றி ஆடவிடுவார்களே, அந்த ரிக்கார்டு டான்ஸ். சாயங்காலத்துக்குள் அது எல்லா வீட்டுக்கும் போய்ச்சேர்ந்தது. பெண்களை ஆடவிட்டுப் பிழைக்கிறான் ரோசம்மாவின் மகன்.

ரோசம்மா கேசட் பேசுவதை நிறுத்தினாள். அவன் அனுப்பிய சேலையைப் பிரிக்கவில்லை. அவன் பணத்தில் வீடு கட்ட வந்த கல்லில் ஒன்றைக்கூட ஓலைக்குடிசைக்குப் பக்கத்தில் வைக்க விடவில்லை. அதற்கிடையில் பங்கஜாட்சி ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள். ரோசம்மா எதிரே யாரையும் உட்காரவைக்காமல் தனியே அடித்தாள்.

அடுத்த லீவுக்கு நேசையன் வந்தான். வாய்க்கு வாய் மக்கா என்கிற அம்மா அந்த வார்த்தையை எடுக்கவே இல்லை. "சோறு இருக்கு," என்பாள், சுவரைப் பார்த்து. விளக்கிச் சொல்ல வாயெடுத்தால் தடியை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விடுவாள். அவன் பெட்டியில் ரெனாத்தோ அனுப்பிய தட்டு இருந்தது. அதைப் போட வீட்டில் பிளேயர் கிடையாது. இருந்தாலும் இருந்து கேட்கிறவளா அவள்? ராத்திரி முழுக்கத் துபாயை ஆட்டிவைத்தவனுக்குத் தன் வீட்டில் ஒரு வார்த்தை வாங்க வழி தெரியவில்லை. அது அவனை உள்ளே அரித்தது.

விஜயதாஸின் தங்கச்சி கல்யாணத்துக்குக் கனகதாஸின் மைக்செட்தான். பழைய பழக்கத்தில் நேசையனையும் கூப்பிட்டார். நேசையன் தென்னையில் ஏறி, பந்தலைப் பார்த்திருந்த குழாயைக் காயல் பக்கம் திருப்பிக் கட்டினான். கனகதாஸ் கேட்டதற்கு, அங்கேயும் ஆளுண்டு அண்ணே என்றான். பந்தி நடந்துகொண்டிருந்தபோது அந்தத் தட்டைப் போட்டான்.

முதலில் வெறும் அடி. டப், அப்புறம் ஒரு துளி பிந்தி இன்னொரு டப். சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சாவு வீட்டுக் கொட்டு மாதிரி இருக்கே என்றார் ஒரு பெரியவர். விஜயதாஸ் எழுந்து வந்தான்.

"எலே நேசையா, இது என்ன பாட்டு? நல்லதா ஒண்ணு போடு."

"இன்னும் கொஞ்சம்," என்றான் நேசையன். அவன் கண் பாதையில் இருந்தது. யாரும் வரவில்லை. சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். கனகதாஸே வந்து போதும்டே என்று தோளைத் தொட்டார். நேசையனுக்கு நம்பிக்கையெல்லாம் விட்டுப்போயிற்று. முள்ளைத் தூக்கக் கையை நீட்டினான்.

அப்போது ரோசம்மா பந்தலுக்குள் வந்தாள். முழங்கால்வரை சேறு, கையில் கதம்பைத் தடி, மேலெல்லாம் தும்பு. ஓடிவந்ததில் மூச்சு வாங்கிற்று. பந்தியில் இருந்த பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. பிளேயருக்கு முன்னால் வந்து நின்று, தட்டு சுற்றுவதைப் பார்த்து, மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாண்டாம் மக்கா," என்றாள். "பங்கஜாட்சி அடிக்கா."

பிளேயருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். தடியை ஓங்கி, அந்தத் துளி நேரம் காத்திருந்து, அடித்தாள். தட்டு முடிந்ததும் நேசையன் முள்ளை எடுத்து மறுபடி முதலில் வைத்தான்.