இத்தாவில் பதினான்கு படங்கள்

கடல் எழும்பி ஊருக்குள் வந்த பிறகு நான்கு மாதமும் பத்து நாளும் என் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டில் ஓர் அறைக்குள் இத்தா இருந்தேன். புருஷன் மௌத்தாகிப் போய்விட்டால் எங்கள் பெண்கள் அப்படித்தான் இருப்பார்கள். வெள்ளை உடுப்பு, வெளியே போவதில்லை, அந்நிய ஆண்களின் கண்ணில் படுவதில்லை. அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பூச்சுப் பூசாத ஒரு மதில். துணைக்கு அவருடைய கெமரா மட்டும் இருந்தது.

அவர் கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். ஊரார் எல்லோருடைய முகத்தையும் எடுத்த மனிதரின் சொந்த முகம் விழுந்த படங்கள் எல்லாம் கடலோரத்தில் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தன. வீடே போய்விட்டது. கெமரா தப்பியது என் மறதியால்தான். கடல் வருவதற்கு முதல்நாள் ராத்தா புது வீடு குடிபுகுந்த விருந்து. திரும்பும்போது கெமராப் பையை அவள் கட்டிலில் விட்டுவிட்டேன். "உன்ட தலய மறக்காமக் கொண்டு வந்தியே, அதுவே பெரிய காரியம்" என்று வழியெல்லாம் ஏசினார். காலையில் போய் எடுப்பதாக இருந்தோம்.

மூன்றாம் நாள்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். முகத்தைப் பார்க்க என்னை விடவில்லை. "பார்க்க வேணாம் புள்ள" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அந்த விருந்தில் அவர் கெமராவை என் கையில் தந்து, "என்னையும் ஒண்டு எடு. மூணு வரை எண்ணிப் போட்டு பட்டன அமத்து" என்றார். நான் இரண்டிலேயே அமத்திவிட்டேன். "கண்ண மூடிட்டன் போல. கண் மூடின படம் ஒரு படமா?" என்று சிரித்தார். முப்பத்தாறு படச் சுருளில் அது இருபத்திரண்டாவது படம். இன்னும் பதினான்கு மிச்சம். உலகத்தில் அவருடைய ஒரே படம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. அது விழுந்திருக்கிறதா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது.

என் அண்ணன், காக்கா, நல்ல மனதோடுதான் கேட்டார். "பிலிமத் தா புள்ள, கல்முனையில குடுத்துக் கழுவிக்கி வாறன்."

"பதினாலு கிடக்கு காக்கா. முடியட்டும்."

மிச்சப் படங்கள் வீணாகும் என்ற கவலை எனக்கு இருக்கவில்லை. பயம்தான். கழுவிப் பார்த்து அவர் இல்லை என்றால், பிறகு எனக்கு என்ன மிச்சம்?

ஆகவே ஒன்பது நாளைக்கு ஒரு படம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். மற்ற எட்டு நாளும் அமத்தாமல் பார்ப்பது மட்டும். விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மதிலில் விழும் வெளிச்சம் வேறு, பின்னேர அசருக்குப் பிறகு விழுவது வேறு. மழை பெய்து பாசி பிடித்தபின் அது இன்னொரு மதில். தொழுகைப் பாயில் நெற்றி படும் இடம், நிவாரணத்துக்குத் தந்த போர்வையின் மடிப்பு, ராத்தா மூடி வைத்துவிட்டுப் போன சோற்றுப் பீங்கான், என் இரண்டு கால்கள். வாசலில் குவிந்த செருப்புகளையும் எடுத்தேன். நான் எப்படி அழுகிறேன் என்று பார்க்க வந்தவர்களின் செருப்புகள் அவை.

ராத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "சனம் என்ன கதைக்கும்? இத்தாவில இரிக்கிறவ கெமராவத் தூக்கிக்கி நிக்கிறா எண்டு சொல்லாதா?"

"மதிலத்தான் எடுக்கன் ராத்தா. மதில் ஆம்பிளயா?"

அவள் சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் போனதும் அறை முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. பின்னேரங்களில் தெருவால் மோட்டார் சைக்கிள் ஒன்று போகும், அவர் வீடு திரும்பும் சத்தம் போலவே. தேத்தண்ணி வைக்க உடம்பு தானாக எழும்பும். எழும்பிய பிறகுதான் நினைவு வரும். அந்த நேரங்களில் கெமராவைக் கண்ணில் வைத்துக்கொள்வேன். அதற்குள்ளால் பார்த்தால் அழுகை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

இத்தா முடிந்து குளித்து, ராத்தாவோடு ஓட்டோவில் கல்முனைக்குப் போய்ப் பிலிமைக் கழுவக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது கடைக்காரர் உறையைத் தந்தார். நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விருந்து இருந்தது. மதில் இருந்தது, மிக நன்றாகவே விழுந்திருந்தது. செருப்புகளும் இருந்தன. அவர் இல்லை. திரும்பவும் எண்ணினேன். முப்பத்தைந்து.

"ஒண்டு குறையுது" என்றேன்.

"அது கண் மூடின படம் தங்கச்சி. வீணாப் போகும் எண்டு பிரிண்ட் போடாம விட்டன்."

கடைக்காரர்மேல் கோபம் வரவில்லை. என் மனிதரும் அப்படித்தான். கண் மூடியவர்களை ஒதுக்கிவிட்டுத்தான் கலியாண வீட்டுக்காரரிடம் படங்களைக் கொடுப்பார்.

"அதத்தான் எடுக்க வந்தன். பெரிசாப் போட்டுத் தாங்க."

போட்டு முடியும்வரை கதிரையில் உட்காராமல் நின்றேன். தொப்பி ஒரு பக்கம் சரிந்து, வாய் திறந்து, முகமெல்லாம் சிரிப்பு. கண் இரண்டும் இறுக்க மூடியிருந்தன.

ஓட்டோவில் ராத்தா படத்தை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"கண் மூடித்தானே இரிக்கி" என்றாள்.

"ஓம் ராத்தா. நான் மூணு வரை எண்ணல்ல."