எட்டு மாடி மலை

பருத்திப்பட்டில் ஒரு பிளாட் வாசலில் இஸ்திரி போடுகிறேன். பிளாட் எட்டு மாடி. அதற்குக் கிழக்கே, சுவரை ஒட்டி என் வீடு.

போன ஆவணியில் மகளுக்குப் பிரசவம். மனைவி அவள் ஊருக்குத் துணைக்குக் கிளம்பினாள். போகும்போது ஒன்றுதான் சொன்னாள்.

"மல்லிச் செடி காஞ்சிச்சின்னா நீயும் இந்த ஊட்ல இருக்காத."

அவள் பிள்ளை மாதிரி வளர்த்தது.

தினம் சாயங்காலம் மழை. மழைக்காலத்தில் செடிக்கு எவனாவது தண்ணீர் ஊற்றுவானா? நான் ஊற்றவில்லை. மூன்றே வாரம். தெருவெல்லாம் சேறு, செடியடியில் மட்டும் புழுதி. இலை பாதி உதிர்ந்துவிட்டது.

மூன்றாவது மாடியில் ஒரு கம்ப்யூட்டர் தம்பி, தேனிக்காரர். சட்டை கொடுக்க வந்தவரிடம், தெருவெல்லாம் மழை, என் செடிக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"எங்கூருப் பக்கமும் அப்படித்தாண்ணே. காத்து ஈரத்தோட மலை ஏறும். குளுந்து, அந்தப் பக்கமே மழையாக் கொட்டிரும். இங்கிட்டு எறங்குறது வெறுங்காத்து. இருக்குற ஈரத்தையும் உறிஞ்சிரும். பாலைவனமே சிலது அப்படி வந்ததுதான்."

நான் ஆறாவது வரை படித்தவன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மழை மேற்கிலிருந்து வருகிறது. மேற்கே எட்டு மாடி. அதுதான் மலை. என் வீடு பாலைவனம்.

நேரே பிளாட் செகரட்டரியிடம் போனேன்.

"சார், உங்க பில்டிங்கு என் மழைய புட்சிகினு கீது."

அவர் பார்க்க வந்தார். கூடவே தெருவும் வந்தது. செடியைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"யோவ், மேல என்னய்யா அது?"

தகர ஷீட். மனைவி போன மறுநாள், இஸ்திரி வண்டி நனையக்கூடாது என்று வீட்டுச் சுவரில் நானே அடித்தது. செடிக்கும் சேர்த்துக் கூரையாகிவிட்டது.

எதிர்வீட்டுக்காரன் விடவில்லை. "அண்ணாத்தே, மலைய நீயே ஆணி அட்ச்சி மாட்டிகினு, அவராண்ட போயி சண்ட போட்றியே!"

செகரட்டரி சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அன்றே ஷீட்டைக் கழற்றினேன். வண்டி நனைந்தது. பத்து நாளில் அடித்தண்டில் ஒரு துளிர்.

மனைவி வந்தாள். சுவரில் ஆணி ஓட்டைகளைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். மறைக்க முடியாமல் காற்று, மலை, பாலைவனம் எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"அதெல்லாம் சரி. கொழாயில தண்ணி வர்லியா?"

குழாய் செடிக்கு இரண்டு முழம் தள்ளி இருக்கிறது.