ஆறு கட்டுச் சீட்டும் ஒரு வீடும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பலெர்மோவில், பெரிய பந்தயத்துக்கு பிளாக்ஜாக் ஆடுகிற அறைகள் எனக்குத் தெரிந்து மூன்று இருந்தன. மூன்றுக்கும் பெயர்ப்பலகை கிடையாது, அனுமதியும் கிடையாது. மூன்றையும் நான் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போவதுபோலப் போய்ப் பார்த்தேன். கோப்பி குடித்தேன், சுவரைப் பார்த்தேன், ஆட்களைப் பார்த்தேன், திரும்பி வந்து குறை சொன்னேன். மாப்பிள்ளை ஒரு வீட்டு வேலைக்காரன் என்பதுதான் இதில் சின்ன இடைஞ்சல்.

என் முதலாளி ஓய்வுபெற்ற நொத்தாரிசு, பத்திரங்கள் எழுதிப் பதிந்தவர். வயது எண்பதுக்குக் கிட்ட. மனைவி இறந்து, பிள்ளைகள் வடக்கே போய்விட்டபின் அவருக்குச் சமைப்பது, சவரம் செய்வது, மருந்து கொடுப்பது, காரோட்டுவது எல்லாம் நான்தான். அவருடைய வலக்கை நடுங்கும். மேசையில் பந்தயம் வைக்கப் போனால் பக்கத்துக்காரரின் காசுச் சில்லுகளும் சேர்ந்து சரியும். ஆகவே அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் சொல்லும் அளவைத் தூக்கி வைக்கிற கை என்னுடையதாயிற்று. ஒரு அறையை எடைபோட இதைவிட நல்ல இடம் வேண்டுமா? நிற்பவனை யாரும் பார்ப்பதில்லை. அதுவும் தட்டு ஏந்துகிற நிறத்தில் இருப்பவனை.

வுச்சீரியாச் சந்தையில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கியிருந்தேன், சீட்டை எண்ணி ஆடுவது பற்றியது. விஷயம் சுலபம். இரண்டு முதல் ஆறு வரையான சின்னச் சீட்டு ஒன்று வெளியே வந்தால் மனதுக்குள் ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்து, ஜாக், ராணி, ராசா, ஆஸ் வந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். கூட்டுத்தொகை ஏற ஏற, பெட்டிக்குள் மிச்சம் கிடப்பது பெரிய சீட்டுகள் என்று பொருள். அப்போது பெரிதாக வைக்கலாம். எனக்கு ஒரே சிக்கல், நான் முன்னூற்றிநாலு விளையாடி வளர்ந்தவன். அந்த ஆட்டத்தில் ஜாக்தான் எல்லாவற்றுக்கும் மேல், இரண்டு முதல் ஆறு வரை வேண்டாம். கட்டைப் பிரித்தவுடன் எடுத்து எறிந்துவிடுவோம். நாற்பத்தைந்து வயது வரை திரும்பிப் பார்க்காத சின்னச் சீட்டுகளை மரியாதையாகப் பார்க்கப் பழக எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

முதல் அறை வுச்சீரியாவில், மீன்கடைக்கு மேல்மாடியில். அங்கே சீட்டுப் போடுகிறவர் நினைத்தபோதெல்லாம் கலக்கினார். எண்ணுகிறவனுக்கு அது ஓட்டைப் பானை. இரண்டாவது பிரான்காச்சோவில், பட்டறைக்குப் பின்னால். அந்த அறைக்கு ஒரே கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அந்த அறையைப் பற்றி இதற்குமேல் நான் யோசிக்கவில்லை. மூன்றாவது மொண்டெல்லோவில், கடலைப் பார்த்த வில்லா ஒன்றில், வியாழக்கிழமைப் பின்னேரங்களில் மட்டும். பச்சைத் துணியில் ஒரு சுருக்கம் இல்லை. ஆறு கட்டுகளைச் சேர்த்து நீளப் பெட்டியில் வைத்து, ஐந்து கட்டுக்குக் கிட்ட முடியும்வரை கலக்காமல் ஆடினார்கள். பெட்டி முடிந்தால் அந்தச் சீட்டுகள் குப்பைக்கு. உள்ளறையில் கலக்கிய புதுச் சீட்டுகள் வெள்ளித் தட்டில் வரும். கண்முன்னால் பிரித்துக் கலக்காத சீட்டில் காசு வைக்காதே என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதன் கீழே கோடுகூடப் போட்டிருந்தேன். பிறகு, அது அமெரிக்காக்காரருக்கு எழுதியது, இவர்கள் குடும்பத்து மனிதர்கள் என்று முடிவு செய்தேன்.

காசு எனக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் மகளுக்கு ஆறு வயது. மன்னாரில் மனைவியின் தமக்கையோடு இருந்தாள். அங்கே ஷெல் விழாத மாதங்களைத்தான் எண்ண முடிந்தது. அவளைக் கூப்பிட கொஸ்தூராவில், அதாவது எங்களுக்குப் பெர்மேசோ என்கிற வதிவிட அனுமதி கொடுக்கும் பொலிஸ் அலுவலகத்தில், இரண்டு கேட்டார்கள்: முதலாளியின் வேலைக் கடிதம், எங்கள் பெயரில் ஒரு வீட்டின் ஒப்பந்தம். நாங்கள் இருந்ததோ நாலு பேர் பங்குபோட்ட வீட்டில், திரை கட்டிய ஒரு அறை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடொன்று வந்தது. சொந்தக்காரர் அரை வருட வாடகையை முன்பணமாகக் கேட்டார், மாதக் கடைசி வரை தவணை கொடுத்தார். எங்களிடம் நாலு மாதத்துக்குத்தான் இருந்தது. மிச்சம் இரண்டு மாதத்தை மொண்டெல்லோ தரும் என்று புத்தகமும் நானும் தீர்மானித்தோம்.

மனைவிக்கும் அந்த வில்லாவில் வியாழக்கிழமைகளில் வேலை. கோப்பி போடுவது, இஸ்திரிப் பெட்டியால் துணி அழுத்துவது. குப்பைக்குப் போகிற சீட்டுகளை அவள் பையில் கட்டிக்கொண்டு வருவாள். ஞாயிறு பூசை முடிந்தால் எங்கள் சமையலறையில் முன்னூற்றிநாலு நடக்கும். அடுத்த அறையில் இருந்த அண்ணை, உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், அந்தச் சீட்டுகளைப் பிரித்து எங்கள் ஆட்டத்துக்கு செட் கட்டுவார். அந்த ஞாயிறும் முணுமுணுத்தார்.

"தம்பி, உந்த வில்லாச் சீட்டுச் சரிவராது. ஆறு கட்டுக்கு நாலு செட்தான் பொருந்துது. ஜாக் காணாது, பத்துக் காணாது."

"நீங்கள்தான் எங்கையும் துலைச்சிருப்பியள், அண்ணை."

"துலைக்கிறதெண்டால் ரெண்டையும் மூண்டையும் துலைச்சிருப்பன். ஜாக்கைப் பாத்துப் பாத்தோ துலைப்பன்? என்ன, கண் தெரியாதவன் எண்டு நினைச்சியோ?"

"பையிலையிருந்து விழேல்லை," என்றாள் மனைவி. "நான் முடிச்சுப் போட்டெல்லோ கொண்டு வந்தனான்."

நான் மேசையின் மறுபக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்து, பெட்டிக்குள் பெரிய சீட்டுகள் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். படிக்கிற நேரத்தில் சத்தம் போடவேண்டாம் என்று இரண்டு பேருக்கும் சொன்னேன்.

வியாழன். மாசி மாதம், கடற்கரையில் நாய்கூட இல்லை. முதல் பெட்டி முடிந்தபோது நொத்தாரிசிடம், நானும் ஒரு இடத்தில் உட்காரலாமா என்று கேட்டேன். வில்லாக்காரர் சிரித்தார். வெள்ளைக் காற்சட்டை, மெல்லிய குரல், எப்போதும் மேசைக்கு இரண்டடி தள்ளியே நிற்பவர். "சிங்களவரும் விளையாடட்டும்," என்றார். அந்த ஊரில் இலங்கையிலிருந்து வந்த எல்லோரும் சிங்களவர்தான். அதைத் திருத்துகிற பின்னேரம் அதுவல்ல. நாலு மாத வாடகையை மேசையில் வைத்துச் சில்லுகளாக மாற்றினேன்.

இரண்டாவது பெட்டி தொடங்கியது. குறைந்த பந்தயத்தையே வைத்துக்கொண்டு எண்ணினேன். எனக்குப் பக்கத்தில் நொத்தாரிசு. அவருடைய சில்லுகளையும் நான்தான் வைத்தேன். நாலு, மூன்று, ஆறு, ஐந்து என்று வரிசையாக வந்தன. ஒரு ராணி. பிறகு திரும்பவும் சின்னவை. எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று கணக்கு ஏறியது. பிறகு இருபது. பெட்டியில் மிச்சம் இரண்டு கட்டுக்குக் கொஞ்சம் கூட. இப்படியொரு கணக்கை ஆயுளில் ஒருமுறை காணலாம் என்று புத்தகம் சொல்லியிருந்தது. எனக்கு அது முதல் நாளே கிடைத்துவிட்டது. இதில் சந்தேகப்பட ஏதோ இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

அரை மாத வாடகையை வைத்தேன். ஐந்தும் ஆறும் வந்தன. பதினொன்று. புத்தகம் சொன்னபடி பந்தயத்தை இரட்டித்து, இருபத்தொன்றை முடிக்கிற பத்துக்காகக் காத்திருந்தேன். மூன்று வந்தது. போயிற்று. அடுத்ததும் அரை மாதம். பன்னிரண்டு, அதன்மேல் நாலு, அதன்மேல் ஏழு. இருபத்தொன்றைத் தாண்டிவிட்டது, அதுவும் போயிற்று. ஒன்றரை மாதம் கால் மணிக்குள் மேசையைக் கடந்து போனது. கணக்கு இருபத்திமூன்று. பத்துகள் வந்தே ஆகவேண்டும், உள்ளே வேறு என்ன இருக்கிறது? மிச்சம் இருந்ததில் ஒரு மாதத்தை ஒரேயடியாகக் கட்டத்துக்குள் தள்ளினேன். சீட்டுப் போடுகிறவர் முதல் சீட்டில் விரலை வைத்தார்.

அப்போது மனைவி கோப்பித் தட்டோடு உள்ளே வந்தாள். தட்டை வைத்தாள். இடுப்பில் கைகொடுத்து, எல்லோரும் திரும்பிப் பார்க்கிற குரலில் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ! முதல் பெட்டிச் சீட்டை அழுத்துற மேசையிலை பரப்பி எண்ணிப்போட்டு வாறன். அண்ணையின்ரை வாயை மூடத்தான் எண்ணினனான். ஆறு கட்டுக்கு இருபத்திநாலு ஜாக் வரவேணும். பதினெட்டுத்தான் கிடக்கு. பத்து பதினேழு. உங்களுக்கு எத்தினை தரம் சொன்னவர் அந்த மனுசன்? காசை எடுங்கோ. என்ரை முகத்தைப் பாக்காதேங்கோ, காசை எடுங்கோ!"

முகம் முழுக்க வழக்கமான மனைவிமாரின் கோபம். தமிழ் தெரியாதவனுக்கு அது புருசனைத் திட்டுகிற சத்தம். பதினெட்டு, பதினேழு. பெரிய சீட்டுகளை முன்கூட்டியே எடுத்துவிட்ட பெட்டி. சாதாரண ஆட்டக்காரன் அதில் மெதுவாகத் தோற்பான். எண்ணுகிறவன்தான், வராத சீட்டுக்காகப் பந்தயத்தை ஏற்றி ஏற்றி வைத்து, ஓடி ஓடித் தோற்பான். அந்தப் பெட்டி என்னைப்போலப் புத்தகம் படித்தவர்களுக்காகவே செய்தது.

கட்டத்திலிருந்து சில்லுகளை இழுத்துக்கொண்டேன். சீட்டுப் போடுகிறவரின் விரல் நின்றது. அவர் வில்லாக்காரரைப் பார்த்தார். வில்லாக்காரர் அந்த இரண்டடியையும் கடந்து மேசைக்கு வந்தார்.

"சிஞ்ஞோரா என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். அதே மெல்லிய குரல். சிரிப்பு மட்டும் இல்லை.

இத்தாலிய மொழியில் நான் படித்த சொல்லெல்லாம் கூட்டமாக வாய்வாசலில் வந்து நெரிந்தன.

"வீட்டு முன்பணம்," என்றேன். "மகளைக் கூப்பிட வைத்திருந்த காசு. இவளுக்குத் தெரியாமல் கொண்டுவந்தேன். பாதிரியாரிடம் சொல்லப் போகிறாளாம்."

வில்லாக்காரர் என் மனைவியைப் பார்த்தார். அவள் அந்த நேரம் பார்த்து அழத் தொடங்கினாள். நடிப்பில்லை. ஒன்றரை மாதம் குறைந்த சில்லுக் குவியலை அப்போதுதான் கண்டிருந்தாள். நொத்தாரிசு முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். "என் மனைவியும் இப்படித்தான், ஆண்டவர் அவளை வைத்திருக்கட்டும்," என்றார் ஒருவர். வில்லாக்காரர் கையை அசைத்தார். என் சில்லுகள் காசாகித் திரும்பின. நான் எழுந்து பழைய இடத்தில், நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"தொடருவோம்," என்றார் நொத்தாரிசு. "இரண்டு வை."

வில்லாக்காரர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு வைத்தேன்.

திரும்பும்போது நொத்தாரிசு பின் இருக்கையில், நானும் மனைவியும் முன்னால்.

"ஐயாவுக்குச் சொல்லப் போறியளோ?" என்று கேட்டாள், றோட்டைப் பார்த்தபடி.

"சொல்லத்தானே வேணும்."

"சொன்னால் மனுசன் சும்மா இருக்காது, வழக்குப் போடும். அந்த வீட்டிலை வேலை செய்த ஆக்கள் ஆர்? நாங்கள். முதலிலை ஆற்றை பெர்மேசோவைப் பறிப்பாங்கள்?"

"அப்ப என்ன செய்ய?"

"பிள்ளை வந்து சேரட்டும். பிறகு சொல்லுங்கோ."

பின்னாலிருந்து குரல் வந்தது. "இன்னும் திட்டுகிறாளா?"

"ஓம், ஐயா," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கிவிட்டது.

பள்ளிக்கூடத்துப் பக்கத்து வீடு போயிற்று. பிரான்காச்சோவில், பஸ் திரும்புகிற கடைசி இடத்தில், இரண்டு மாத முன்பணத்துக்கு இரண்டு அறை கிடைத்தது. ஒரு அறைக்கு ஜன்னல் இல்லை. ஒப்பந்தத்தை நொத்தாரிசே வாசித்து, பிழையான ஒரு பிரிவை அடித்துத் திருத்தி, வேலைக் கடிதத்திலும் கையெழுத்து வைத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. மகள் ஐப்பசியில் வந்தாள். மூன்று மாதத்தில் சந்தைக்காரர்போல இத்தாலியன் பேசினாள்.

அதற்குப் பிறகும் நான் நொத்தாரிசிடம் சொல்லவில்லை. முதலில் என் பெர்மேசோ புதுப்பிக்க வேண்டியிருந்தது, பிறகு மனைவியுடையது, பிறகு மகளின் பள்ளிக்கூடப் பத்திரங்கள். எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. வியாழக்கிழமைகளில் அதே வில்லாவில் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அவர் நாலு என்றால் சிலவேளை மூன்று வைத்தேன். கண்டுபிடித்துவிட்டால் திட்டுவார்.

ஒரு பின்னேரம், நிறையத் தோற்றுத் திரும்பும்போது, காருக்குள் கேட்டார்.

"நீ நிறையப் படிக்கிறவன். உண்மையைச் சொல். இது கெட்ட காலமா, இல்லை எனக்கு விளையாடத் தெரியாதா?"

பின்கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. உண்மையிலேயே பதிலுக்குக் காத்திருந்தார்.

"கெட்ட காலம்தான், ஐயா," என்றேன்.

அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். நான் கியரை மாற்றினேன்.