மந்திரிக்காத பூண்டு

தப்பு எங்கே நடந்தது என்று கேட்டால், முதல் நாளே நடந்துவிட்டது. அது தப்பென்று எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

மேல்மலையில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் பூண்டுதான் பிழைப்பு. மாதா கோவிலுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் சும்மா கிடந்தது. ஊருக்குப் புது முறையைக் காட்டுவதற்காகப் பங்குச் சாமியார் அதில் ஒரு மாதிரித் தோட்டம் போட்டார். வேலை பார்த்தது நான். விதைப்பதற்கு முன்னால் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, மந்திரித்த தண்ணீரை நான்கு மூலையிலும் தெளித்தார். வீடு கட்டினாலும் வண்டி வாங்கினாலும் நாங்கள் செய்வதுதான்.

முறை என்னவோ எளிதுதான். நாங்கள் பெரிய பூண்டை விற்றுவிட்டு, பொடிப் பல்லை நடுவோம். பாத்தியைச் சரிவோடு மேலிருந்து கீழாக இழுப்போம். இந்தத் தோட்டத்தில் பெரிய பல்லாகப் பொறுக்கி, சரிவுக்குக் குறுக்கே பாத்தி போட்டு, நட்ட பிறகு காய்ந்த புல்லால் மூடினோம். மழையில் மண் கரைந்து ஓடவில்லை. பூண்டு நன்றாகத் திரண்டது.

பார்க்க ஊரே வந்தது. முக்கால்வாசிப் பேர் இந்துக் குடும்பங்கள். பாத்தி ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். சாமியார் புல்லை விலக்கிக் காட்டிப் பேசியதை எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்து, துண்டில் முடிந்துகொண்டார்கள்.

என் நிலத்துக்குக் கீழ்ப்பக்கம் நிலம் வைத்திருக்கும் மாமாவும் எடுத்தார். சொந்த மாமா இல்லை. சிறு வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம்.

"மண்ணு எதுக்கு மாமா?"

"எங்க காட்டுல தூவத்தான் மாப்ள. சாமியாரு தண்ணி தெளிச்ச மண்ணாச்சே, வெளையாம என்ன செய்யும்?"

"அது தண்ணியில இல்ல மாமா. பாத்திய குறுக்க போட்டதுல..."

"ஏலே, உங்க கோயிலுத் தண்ணிய நீயே கொறச்சுப் பேசலாமா?"

தண்ணீரில் ஒன்றுமில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அதைத்தான் நெற்றியில் பூசுகிறவன் நான்.

அடுத்த போகத்துக்கு ஒருவர்கூடப் பாத்தியை மாற்றவில்லை. மண்ணை மட்டும் தூவியிருந்தார்கள். சாமியார் முதலில் சிரித்தார். பிறகு என்னிடம், "இந்தத் தடவ உங்க நிலத்துல போடுவோம். நான் வரமாட்டேன். தீர்த்தம் வேண்டாம். சும்மா ஒரு சம்சாரியோட நிலமா இருக்கட்டும்" என்றார்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்க, கல்யாணம் ஆன நாள்லருந்து தெளிக்காம ஒரு போகம் வெதச்சிருக்கமா? இருக்கதே அந்த ஒரு காடு."

"சாமியாரே சொல்றாருடி."

"அவருக்கென்ன, மாத்தல் வந்தா பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவாரு. நாம எங்க போறது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. இருந்த விதைப்பூண்டு முழுவதையும் அந்த ஒரே நிலத்தில் போட வேண்டும். போனால் விதையும் போச்சு, வருசச் சோறும் போச்சு. இரண்டு நாள் யோசித்துவிட்டு நட்டேன். பெரிய பல்லை அவளே பொறுக்கிக் கொடுத்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மாமா குடையோடு வந்து வரப்பில் நின்று, "என்ன மாப்ள, போர்வைய போத்திப் படுக்க வச்சிருக்க? மூச்சு முட்டி அழுகிரும். வெரசா புல்ல அள்ளி எறி" என்றார். கேலிதான். ஆனால் அவர் முகத்தில் கவலையும் இருந்தது.

மூன்றாம் நாள் வெள்ளனே எழுந்தேன். மாதா படத்துக்குக் கீழே இருந்த தீர்த்தப் பாட்டிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிலத்துக்குப் போனேன். பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நாலு சொட்டு விட்டால் யாருக்குத் தெரியும்? மூடியில் கை வைத்துவிட்டேன். அப்போதுதான், நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று தோன்றியது. ஆமாம் என்றால் மறுபடியும் மண்ணைத்தான் அள்ளிக்கொண்டு போவார்கள். இல்லை என்றால் பொய். பாட்டிலைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். ஜெபிக்கக் கூடாது என்று சாமியார் சொல்லவில்லையே. ஈரத்தில் முழங்கால் போட்டு ஜெபித்தேன்.

மழை விட்டதும் பார்த்தால், சுற்றியிருந்த நிலங்களின் மேல்மண் பாதையில் குழம்பாகக் கிடந்தது. என் பாத்திகள் நின்றன. புல்லை விலக்கினேன். கீழே மண் பொலபொலவென்று இருந்தது, முளை பச்சையாக இருந்தது. ஆனாலும் நெஞ்சு முழுதாக அடங்கவில்லை. பூண்டு மண்ணுக்குள் இருக்கிற பொருள். பிடுங்கிப் பார்க்கும்வரை நம்ப முடியாது.

நாலு மாதம் போனது. தாள் பழுத்துச் சாய்ந்தது. பிடுங்குகிற அன்று மாமாவும் வந்துவிட்டார். முதல் செடியை நான் பிடுங்கவில்லை. மனைவியைப் பிடுங்கச் சொன்னேன். மண்ணை உதறி, கையில் உருட்டிப் பார்த்தாள். அழுகல் இல்லை. அவள் உள்ளங்கை நிறைந்திருந்தது. அடுத்ததைப் பிடுங்கினாள். அதுவும் அப்படியே. அப்புறம்தான் "ஏசப்பா" என்று வரப்பில் உட்கார்ந்தாள்.

மாமா ஒரு பூண்டை வாங்கி முகர்ந்தார்.

"உண்மையச் சொல்லு. யாருக்கும் தெரியாம தெளிச்சியா இல்லையா?"

"இல்ல மாமா."

"உங்க மாதா மேல சத்தியமா?"

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு எங்களுக்குக் கட்டள. ஆனா தெளிக்கல."

"அண்ணே, அவருக்குப் பொய் சொல்ல வந்தா நாங்க எப்பவோ மாடி வீடு கட்டியிருப்போம்" என்றாள் என் மனைவி.

மாமா சிரிக்கவில்லை. குனிந்து, பிடுங்கிய குழிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே விரலை வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"நாலு வெரக்கடையா விட்ட? புல்லு எம்புட்டுக் கனம் போட்ட? குறுக்க இழுக்கும்போது தண்ணி எந்தப் பக்கம் வடியும்? வெவரமாச் சொல்லுலே, சும்மா நிக்காத."

இரண்டு வருசமாகச் சாமியார் சொன்னதையெல்லாம்தான் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் சண்டை பிடித்தார். குச்சியால் தரையில் கோடு போட்டு, அப்படி இல்லை இப்படி என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அந்த ஞாயிறு பூசையில் மாதாவிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.