நீச்சல் குளத்து ஏணி

குரங்கணி சாலையில் மகன் கட்டிய வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். பேரன்களுக்காக நீச்சல் குளமும் கட்டினான். அவர்கள் கடைசியாக வந்து மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகிறது. தண்ணீர் பச்சை பிடிக்காமலிருக்கத் தினமும் ஆறு மணி நேரம் பம்பை ஓட்டுவேன்.

மின்கசிவு வந்தால் தானாக அணையும் டிரிப் சுவிட்ச் பம்புக்கு உண்டு. ஒரு வாரத்தில் அது பதினோரு முறை விழுந்தது. சுவிட்ச்தான் கெட்டுவிட்டது என்று நானே முடிவுகட்டி, அதை விலக்கிவிட்டுக் கம்பியை நேராக இணைத்தேன். படித்தவன் செய்கிற வேலையா அது?

மறுநாள் மாலை, ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கிய ஜீப்பு வாசலில் நின்றது. கூலிக்குப் போய் வரும் பெண் ஒருத்தி, "அப்பு, காலு பூராம் சேறு. கழுவிக்கிறவா?" என்றாள். மனிதக் குரல் கேட்ட சந்தோஷத்தில் குளத்தையே காட்டினேன். ஸ்டீல் ஏணியைப் பிடித்தபடி ஒரு காலைத் தண்ணீரில் வைத்தவள், "யாத்தே!" என்று அலறினாள். நான் ஓடிப்போய் மெயினை அணைக்கும்வரை அவள் கை ஏணியை விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "சோலி கெடக்கு அப்பு" என்று மறுத்துவிட்டு, கையை உதறிக்கொண்டே சிரித்தாள். "குளமே கடிக்குது, ஒங்களுக்கு நாய் எதுக்கு?"

"மோட்டார் பழசு, ஆத்தா" என்றேன்.

போடியிலிருந்து வந்த எலக்ட்ரீசியன் மோட்டாரை மாற்றி, எர்த் போட்டு, சுவிட்சைத் திரும்ப மாட்டினார். "கரண்டு கசியுதுன்னு அது சொல்லிக்கிட்டேதான் இருந்துருக்கு. நீங்கதான் வாயக் கட்டிட்டீங்க" என்றார்.

இப்போதும் சனிக்கிழமைகளில் அவள் ஜீப்பை நிறுத்தி, வெளிக்குழாயில் கால் கழுவி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். கம்பியை இணைத்தது நான்தான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஜீப்பு நிற்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.